கூலிக்கு மாரடிக்கும் விரல்கள்

வலது கையின் சுண்டுவிரல் 'ப'வில். ஆள்காட்டி விரல் 'ரி'யில். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அழுத்திய மறுகணமே நடுவிரல் 'க'வில் இறங்க, ஆள்காட்டி விரல் எழுந்துவிட வேண்டும். சுண்டுவிரல் மட்டும் இருந்த இடத்தில் அசையாமல் இருக்கும். ஸி மேஜரில் என்றால் டி-யும் ஜி-யும் சேர்ந்து ஒலித்து, டி நழுவி ஈ-யில் போய் விழும். இவ்வளவுதான் விஷயம். ஒரு மதியத்தில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். 'ஸ்லிப் நோட்' என்று பெயர். அமெரிக்கக் கன்ட்ரி இசையில் பியானோ என்றதும் காதில் வந்து நிற்கிற அந்த ஏக்கமான நெளிவு இதுதான்.

கீழே இருக்கும் கார்டு மாறினால் இந்த வித்தையும் கூடவே நகரும். எஃப் கார்டு வந்தால் மேல் 'ச'வைப் பிடித்துக்கொண்டு 'ப'விலிருந்து 'த'வுக்கு. ஜி கார்டு வந்தால் மேல் 'ரி'யைப் பிடித்துக்கொண்டு 'த'விலிருந்து 'நி'க்கு. மூன்று இடத்திலும் ஒரே உருவம்: மேலே ஒரு ஸ்வரம் நிற்கிறது, கீழே ஒன்று ஏறி வந்து அதன் அருகில் அமர்கிறது.

நான் இதை ஆறு மாதமாகப் பழகுகிறேன். முதல் வாரத்திலேயே ஒன்று என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. விரல் எண்களைத் தவிர மண்டையில் வேறெதுவும் ஓடாத நேரம். ஐந்து, இரண்டு, மூணு. ஐந்து, இரண்டு, மூணு. ஆனால் அறையில் ஒலிப்பது ஏதோ வீட்டை விட்டு வந்தவனின் துக்கம். அந்தத் துக்கம் என்னுடையது இல்லை. நான் டென்னசி பக்கம் போனதில்லை, குதிரை ஏறியதில்லை, எனக்காக யாரும் ரயில் நிலையத்தில் அழுததும் இல்லை. அப்புறம் இந்தச் சத்தம் யாருடையது? எனக்கு இல்லாத ஏக்கத்தை என் விரல்கள் இத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகின்றன என்றால், அது ஒரு வகைப் பொய்யா?

நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்களில் இப்படிப்பட்ட சின்னத் துண்டுகளை 'பிட்' என்பார்கள். "அந்த பிட்ட கரெக்டா போடு." மேற்கில் 'லிக்' என்கிறார்கள். பரீட்சை ஹாலில் பிட் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பிட்டும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயல்தான், ஆனாலும் பழகும்போது அடிக்கடி நினைவுக்கு வந்து சங்கடப்படுத்துகிறது.

இந்த நெளிவை உலகம் ஃப்ளாய்ட் கிரேமர் என்ற பெயரோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. 1933-இல் லூசியானாவில் பிறந்து, ஆர்கன்சாவில் ஹட்டிக் என்ற சின்ன ஊரில் வளர்ந்து, கேள்வி ஞானத்தாலேயே பியானோ பழகி, 1955-இல் நாஷ்வில்லுக்கு வந்து சேர்ந்தவர். எல்விஸ் பிரெஸ்லியின் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பதிவில் பியானோ வாசித்தவர் அவர்தான். 1960-இல் அவர் சொந்தமாக எழுதி வாசித்த 'லாஸ்ட் டேட்' என்ற வாத்திய இசை அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. மேலே நின்றது எல்விஸின் பாட்டு. யாருக்குப் பின்னணி வாசித்தாரோ அவரே முதலிடத்தை மறித்துக்கொண்டு நின்றார். 'லாஸ்ட் டேட்' முழுக்க இந்த ஸ்லிப் நோட்தான். கேட்டவர்கள் அதை 'ஃப்ளாய்ட் கிரேமர் ஸ்டைல்' என்றார்கள். இன்றுவரை பாடப் புத்தகங்களிலும் அப்படித்தான்.

ஆனால் அதே வருடம், 'லாஸ்ட் டேட்'டுக்குச் சில மாதங்கள் முன்னால் நடந்தது இது. டான் ராபர்ட்சன் என்ற பாடலாசிரியர் (1922-இல் பீக்கிங்கில் பிறந்தவர், வாழ்க்கை எங்கிருந்து எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்) ஹால் பிளேருடன் சேர்ந்து 'ப்ளீஸ் ஹெல்ப் மீ, ஐம் ஃபாலிங்' என்ற பாட்டை எழுதினார். பாட்டு எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு டெமோ பதிவு. அதில் அவரே பியானோ வாசித்திருந்தார், இந்த நழுவலோடு. அது ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்த செட் அட்கின்ஸின் கைக்குப் போனது. அட்கின்ஸ் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கிரேமரைக் கூப்பிட்டு, டெமோவில் இருக்கிற மாதிரியே வாசிக்கச் சொன்னார். கிரேமர் வாசித்தார். ஹேங்க் லாக்ளின் பாடிய அந்தப் பதிவு கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. ராபர்ட்சனுக்குப் பாடலாசிரியர் என்ற பெயரும் பணமும் வந்தன. ஆனால் அந்த நெளிவு? அது கிரேமரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ராபர்ட்சன் பக்கம் நியாயம் கேட்கத் தோன்றியது. பழைய ராஜா-ரஹ்மான் சண்டைகளில் பழகிய புத்தி, உடனே ஒரு கட்சி சேர்ந்துவிடும். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் கட்சி சேர இடமே கிடைப்பதில்லை. கிரேமரே சொல்லியிருக்கிறார்: கிட்டாரில் இந்தச் சத்தம் புதிதல்ல, மேபெல் கார்ட்டர் வாசித்ததுதான், ஸ்டீல் கிட்டார்காரர்களும் வாசித்ததுதான். உண்மை. 1954-இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்திருப்பார். காலால் பெடலை மிதித்தால் ஒரு தந்தி மட்டும் இழுபட்டு மேலேறும், பக்கத்துத் தந்தி அப்படியே நிற்கும். நிற்பது ஒன்று, நழுவி வந்து சேர்வது ஒன்று. என் சுண்டுவிரலும் நடுவிரலும் செய்வது அதே காரியம்.

ஒரே ஒரு வித்தியாசம். ஸ்டீல் கிட்டாரில் ஸ்வரம் உண்மையிலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. பியானோவில் ஒன்றும் வழுக்குவதில்லை. டி ஒரு சாவி, ஈ ஒரு சாவி, நடுவில் வழுக்கிப் போக வழியே கிடையாது. காதுதான் இல்லாத வழியை இட்டு நிரப்பிக்கொள்கிறது. கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு இது கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருக்கும். இப்படி வளைக்க முடியாத ஸ்வரங்கள் என்ற காரணத்தையும் சொல்லித்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது, முப்பது வருடம் அந்தத் தடை நீடித்தது. வளைய முடியாத வாத்தியம் வளைவதுபோல் நடிப்பதில் ஒரு பரிதாபம் இருக்கிறது. அந்தப் பரிதாபம்தான் ஸ்லிப் நோட்டின் ஏக்கமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சரி, அது வேறு கதை.

மேபெல் கார்ட்டருக்கு வருவோம். 1927-இல் டென்னசி எல்லையில் பிரிஸ்டல் என்ற ஊரில் நடந்த பதிவுகளில் வெளியுலகுக்கு வந்த கார்ட்டர் குடும்பத்தின் கிட்டார்காரி. ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் சொந்தக்காரியான மேபெல், மூன்று பேர். பதிவு செய்யப் புதுப்பாட்டு வேண்டும் என்று ஏ.பி. மலைக் கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தார். அவரோடு போனவர் லெஸ்லி ரிடில், ஒரு கறுப்பினக் கலைஞர், சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். யாராவது பாடினால் ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனதில் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வாசித்துக் காட்டுவார். டேப் ரெக்கார்டர் இல்லாத காலத்தில் அவர்தான் டேப் ரெக்கார்டர். மேபெல் சில கிட்டார் முறைகளை அவரிடமிருந்தும் கற்றுக்கொண்டார். பாடல்களின் உரிமை ஏ.பி. கார்ட்டரின் பெயரில் பதிவானது. ரிடில் பெயர் எங்கேயும் இல்லை. 1960-களில் மேபெல் சொல்லித்தான் மைக் சீகர் என்ற நாட்டார் இசைக்காரர் ரிடிலைத் தேடிப் போனார். அவர் எடுத்த பதிவுகள் ஆல்பமாக வெளிவந்தபோது ரிடில் உயிரோடு இல்லை.

இந்த இடத்தில் பலரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு: "எல்லாமே காப்பிதான் ப்ரோ, ஒரிஜினல்னு எதுவுமே இல்ல." கேட்க முதிர்ச்சியாக இருக்கும். எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது. ராபர்ட்சனிடமிருந்து கிரேமர் எடுத்துக்கொண்டதும், ரிடிலிடமிருந்து ஏ.பி. கார்ட்டர் எடுத்துக்கொண்டதும் ஒரே காரியமா? முதலாவதில் ஒரு கைத்திறன் கை மாறியது. கொடுத்தவரின் பாட்டும் பெயரும் வருமானமும் அவரிடமே இருந்தன. கிரேமர் எடுத்ததால் ராபர்ட்சனின் விரல்களிலிருந்து அது கழன்று போகவில்லை. இரண்டாவதில், ஒரு மனிதரின் உழைப்பு இன்னொருவர் பெயரில் பத்திரமானது. அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர் அதைக் கேள்வி கேட்டு ஜெயித்திருக்க முடியாது என்ற நிலைமை அந்தப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது. எல்லாம் காப்பிதான் என்று ஒரே பையில் போட்டுக் கட்டினால், முதலில் மறைவது ரிடில் போன்றவர்கள்தான்.

அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் போடுகிறது, வேறு காரணங்களுக்காக என்றாலும். மெட்டுக்கு உரிமை உண்டு, வரிகளுக்கு உரிமை உண்டு. ஒரு வாசிப்பு முறைக்கு இல்லை. 1972-இலிருந்து ஒலிப்பதிவுகளுக்குத் தேசிய அளவில் தனிப் பாதுகாப்பு வந்தபோதும், ஒரு பதிவைக் கேட்டு அதே மாதிரி புதிதாக வாசித்துப் பதிவு செய்வதை அது தடுக்கவில்லை. பதிவைத் திருடக் கூடாது. பதிவைப் போல வாசிக்கலாம். சட்டம் அனுமதிப்பதால் எல்லாம் சரியாகிவிடாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் இந்த விஷயத்தில் அதோடு எனக்குச் சண்டை இல்லை. விரல் நகர்வுக்கு ராயல்டி கேட்க ஆரம்பித்தால் பிள்ளைகள் எதைப் பார்த்துப் பழகும்?

ஆக, யாருடையது என்ற கேள்விக்கு எனக்கு ஓரளவு பதில் கிடைத்தது: பழகலாம், பெயரைச் சொல்ல வேண்டும். மற்ற கேள்விதான் விடவில்லை. எனக்கு இல்லாத துக்கத்தை வாசிக்கலாமா?

இதற்கு நாஷ்வில்காரர்களின் ஒரு நாளைப் பார்க்க வேண்டும். அங்கே பதிவுகள் மூன்று மூன்று மணி நேர செஷன்களாக நடந்தன: காலை 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. ஒரு செஷனில் மூன்று நான்கு பாட்டு முடிந்துவிடும். வாத்தியக்காரர்களுக்குப் பாட்டு அங்கே வந்த பிறகுதான் தெரியும். நோட்டேஷன் எழுத நேரமில்லை. அதனால் ஜோர்டனேர்ஸ் என்ற குழுவின் நீல் மேத்யூஸ் 1950-களின் கடைசியில் ஒரு குறுக்குவழி செய்தார்: கார்டுகளுக்கு எழுத்துக்குப் பதில் எண். 1, 4, 5, 1. பாடகருக்கு சுருதி எட்டவில்லை என்றால் சுருதியை மாற்றிக்கொள்ளலாம், தாளில் எதையும் திருத்த வேண்டாம். நம்ம 'ச' எங்கே வைத்தாலும் 'ச'தானே, அதே யோசனை. இந்த எண் துண்டை வைத்துக்கொண்டு கிரேமரும் மற்றவர்களும் காலையில் ஒரு பிரிவு, மதியம் ஒரு குடிகாரக் கணவன், மாலையில் இயேசு, இரவில் ஒரு மரணம் என்று வாசித்தார்கள். ஒவ்வொன்றிலும் மனதைக் கொடுத்து அழுதிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டார்கள்.

தமிழில் இதற்கு ஒரு வசவு தயாராக இருக்கிறது: கூலிக்கு மாரடிப்பது. மனசில்லாமல், காசுக்காக ஒரு வேலையைச் செய்கிறவனைப் பார்த்துச் சொல்வது. இந்த வசவுக்குப் பின்னால் ஒரு நிஜமான தொழில் இருக்கிறது. இழவு வீட்டுக்கு அழைத்து வரப்பட்டு, செத்தவர் பெயரையும் உறவு முறையையும் விசாரித்துக்கொண்டு, ஒப்பாரி வைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிற பெண்கள். வசவு அவர்களைப் பொய்யர்களாக வைத்துத்தான் பேசுகிறது. எனக்கு இந்த வசவின் மேல் கோபம் உண்டு. ஒப்பாரியை நேரில் கேட்டவர்களுக்குத் தெரியும், அங்கே நடப்பது நடிப்பா நிஜமா என்று பிரித்துக் கேட்க முடியாது. கூடி அழுகிற பெண்களில் பாதிப் பேர் அந்த வீட்டுப் பிணத்துக்காக அழுவதில்லை. எப்போதோ செத்த தன் புருஷனுக்காக, கொடுக்காமல் போன தகப்பனுக்காக அழுகிறார்கள். கூலிக்கு வந்தவள் அதற்கு ஒரு மெட்டு போட்டுக் கொடுக்கிறாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததா என்று பார்ப்பது, சமைத்தவனுக்குப் பசித்ததா என்று கேட்பது மாதிரி.

பிரெஞ்சு அறிஞர் தெனி திதரோ நடிகர்களைப் பற்றி இதற்கு நேர் எதிரான ஒரு கோணத்திலிருந்து எழுதினார். நல்ல நடிகன் எதையும் உணர்வதில்லை, உணராததால்தான் நன்றாக நடிக்கிறான் என்பது அவர் வாதம். படித்தபோது பாதி சம்மதம், பாதி எரிச்சல். உணர்வு உள்ளே இருக்கிறதா இல்லையா என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாரே. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை, நகை, அச்சம் என்று எட்டைச் சொல்லும்போது, அவை மெய்யில் படுபவை. உடம்புதான் இடம். அந்தச் சொல்லை வைத்து யோசித்தால், சுண்டுவிரல் நிற்பதும் நடுவிரல் இறங்குவதும்கூட ஒரு மெய்ப்பாடு என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

இதெல்லாம் ஏட்டளவில் இருந்தது, போன வருடக் கடைசியில் பெரம்பூரில் ஒரு வீட்டுக்கு வாசிக்கப் போகும்வரை. நான் பகலில் வேறு வேலை பார்க்கிறவன். வார இறுதிகளில் கல்யாண ரிசப்ஷன், சர்ச் நிகழ்ச்சி என்று கீபோர்டு வாசிப்பேன். இது ஒரு ரயில்வே குடும்பம், ஆங்கிலோ-இந்தியர்கள். அப்பா இறந்து முப்பதாம் நாள், வீட்டிலேயே ஜெபம், அதற்குப் பிறகு அவருக்குப் பிடித்த பாட்டுகள். பிடித்த பாட்டு என்றால் ஜிம் ரீவ்ஸ். அந்தத் தலைமுறை ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் ஜிம் ரீவ்ஸ் கிட்டத்தட்ட ஒரு குடும்ப உறுப்பினர். அவர் 1964-இல் நாஷ்வில் அருகே விமான விபத்தில் இறந்துபோனார் என்பதுகூட அங்கே சொந்தக்காரர் சாவு மாதிரித்தான் பேசப்படும். அவருடைய 'ஹி'ல் ஹேவ் டு கோ' 1959-இல் பதிவானது. செட் அட்கின்ஸ் தயாரிப்பு, பியானோ ஃப்ளாய்ட் கிரேமர். ஸ்லிப் நோட்டுக்கு முந்தைய கிரேமர்.

நான் அந்தப் பெரியவரைப் பார்த்ததே இல்லை. மாலை போட்ட போட்டோவில் ரயில்வே தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மருமகன் பாடினார், நல்ல கனத்த குரல். என் கவலை வேறு. டைல்ஸ் தரையில் சஸ்டெயின் பெடல் நழுவிக்கொண்டே இருந்தது, கால் கட்டைவிரலால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தேன். பாட்டின் ஒரு வரி முடிந்து அவர் மூச்சு வாங்குகிற இடத்தில், எஃப் கார்டின் மேல், 'ப'விலிருந்து 'த'வுக்கு ஒரே ஒரு ஸ்லிப் வைத்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகள், அறுபது வயதிருக்கும், முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அந்தக் கணத்தில் துக்கம் எதுவும் இல்லை. அடுத்த கார்டு ஸி, பெடல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான் மனதில்.

முடிந்ததும் அவர் வந்தார். "டாடி வார்த்தையே பாட மாட்டாருப்பா. நடுவுல வர்ற அந்த பியானோவதான் வாயால வாசிப்பாரு. ஷேவ் பண்றப்ப. டிங் டிடிங்னு. நீ அதப் போட்டதும்..." மேலே பேசவில்லை. பிறகு கவரில் பணம் கொடுத்தார். பேசிய தொகைதான், ஐந்நூறு சேர்த்து. வாங்கிக்கொண்டேன்.

வாங்கியதில் ஏதாவது குறுகுறுப்பு இருக்கிறதா என்று பல நாள் எனக்குள்ளேயே தேடிப் பார்த்தேன். இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்றால் முதலில் எதையாவது சொல்ல வேண்டும். 'உங்கப்பா போனது எனக்குத் தாங்க முடியாத துக்கம்' என்று நான் அந்த அம்மாவிடம் வாயால் சொல்லியிருந்தால், அது பொய். ஸ்லிப் நோட் அப்படி எதையும் சொல்லவில்லை. வாசிப்பவனின் மனநிலை பற்றிய செய்தி அதில் இல்லை. அது ஒரு இடத்தைத் திறந்து வைக்கிறது. யார் உள்ளே போகிறார்கள், எதைக் கொண்டு போகிறார்கள் என்பது என் கையில் இல்லை. அந்த அம்மா ஷேவிங் கண்ணாடி முன்னால் நிற்கிற ஒருவரைக் கொண்டுபோனார். எனக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியானால் வாசிக்கிறவனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லையா? இருக்கிறது. உணர்வில் இல்லை, இடத்தில் இருக்கிறது. கன்ட்ரி பியானோவில் இந்த லிக்குகள் பெரும்பாலும் 'ஃபில்'களாகத்தான் வரும். பாடுகிறவர் வரியை முடித்து மூச்செடுக்கும் இரண்டு எண்ணிக்கை இடைவெளிதான் பியானோவுக்கான பங்கு. அடுத்த வரி தொடங்குமுன் வெளியேறிவிட வேண்டும். நாஷ்வில்லில் ஸ்டீல், கிட்டார், பியானோ மூவரும் இந்த இடைவெளிகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்: முதல் சரணம் உனக்கு, இரண்டாவது எனக்கு. உன் முறை இல்லாதபோது கையைக் கட்டிக்கொண்டிரு. புதிதாக லிக் கற்றவனின் வியாதி என்ன தெரியுமா? கிடைத்த சந்துகளிலெல்லாம் அதைச் செருகுவது. எல்லா வரிக்குப் பின்னாலும் ஒரு நெளிவு, எல்லா வாக்கியத்துக்குப் பின்னாலும் மூன்று புள்ளி வைக்கிற கவிஞர்களைப் போல. அங்கேதான் பொய் வருகிறது என்று நினைக்கிறேன். உணராமல் வாசிப்பது பொய் இல்லை. பாடுகிறவரைக் கேட்காமல் வாசிப்பதுதான் பொய், ஏனென்றால் ஃபில் என்பதே 'நீ சொன்னதைக் கேட்டேன்' என்கிற பதில். கேட்காமலே கேட்டேன் என்பது கலப்படமில்லாத பொய்.

நண்பன் ஒருவன், நன்றாக கீபோர்டு வாசிப்பவன், இதை ஒத்துக்கொள்ளவில்லை. "உன் கீபோர்டுலயே கன்ட்ரி ஸ்டைல்னு ஒரு பட்டன் இருக்கேடா. அமுக்கினா அதுவே ஃபில் போடும். நாலு பார் முடிஞ்சா கரெக்டா போடும். அதுவும் சரியான இடம்தானே?" நியாயமான கேள்வி. அந்தப் பட்டன் எண்ணிக்கையைக் கேட்கிறது, மூச்சைக் கேட்பதில்லை என்றேன். பெரம்பூரில் மருமகன் ஒரு இடத்தில் தொண்டை அடைத்து வரியைத் தாமதமாக முடித்தார். பட்டன் அந்நேரம் ஃபில்லைப் போட்டு முடித்துவிட்டு அடுத்த பாருக்குப் போயிருக்கும். "நாளைக்கு அதையும் கேக்கிற மாதிரி பண்ணிடுவாங்க," என்றான். பண்ணலாம். அப்போது என்ன சொல்வேன் என்று இப்போதே தயார் செய்து வைக்க எனக்கு விருப்பமில்லை.

காப்பியடித்துப் பழகுவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பதிவுகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பழகுகிறேன். பாதி வேகத்தில் கேட்டால் ஸ்லிப் நோட் என்று ஒரே ஒரு பொருள் இல்லை என்று தெரிகிறது. ஒரு இடத்தில் 'ரி' தொட்டதும் போய்விடுகிறது. இன்னொரு இடத்தில் மனசில்லாமல் கொஞ்சம் தங்கி, அப்புறம் போகிறது. சில இடத்தில் மேல் ஸ்வரம் ஓங்கி, சில இடத்தில் அது இருப்பதே தெரியாமல். புத்தகத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடுதான். கிரேமருக்குப் பிறகு நாஷ்வில் பதிவுகளில் அதிகம் கேட்ட விரல்கள் 'பிக்' ராபின்ஸுடையவை. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர், ஜார்ஜ் ஜோன்ஸின் 'ஒயிட் லைட்னிங்'கிலிருந்து பாப் டிலனின் 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' வரை வாசித்தவர். அவருக்கு எண் எழுதிய தாளும் உதவாது. ஒருமுறை கேட்பார், வாசிப்பார். அவருடைய ஃபில்களை கிரேமருடையவற்றோடு வைத்துக் கேட்டால், அச்சு ஒன்றாக இருந்தும் தங்கும் நேரம் வேறாக இருக்கிறது. எவ்வளவு நேரம் தங்குவது என்பதை மட்டும் அப்படியே எடுத்துவர முடியவில்லை. ஒவ்வொரு பாடகருக்கும், ஒவ்வொரு வரிக்கும் அது மாறுகிறது. கிரேமர் அட்கின்ஸ் கேட்டபடி ராபர்ட்சனைப் போலத்தான் வாசித்தார், ஆனால் லாக்ளினின் குரலுக்கு எவ்வளவு தங்க வேண்டும் என்பதை டெமோ அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் அபார்ட்மெண்டில் எட்டாவது படிக்கும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு பழக வருகிறாள். போன மாதம் நான் பழகிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அண்ணா, அது சூப்பரா இருக்கு, எனக்கும் சொல்லிக் குடுங்க," என்றாள். விரல்களை வைத்துக் காட்டினேன். "இது யாரோடதுண்ணா?" என்று கேட்டாள், சும்மா கேட்டதுதான். ஃப்ளாய்ட் கிரேமர் என்றேன். அவர் டான் ராபர்ட்சனைக் கேட்டு வாசித்தது என்றேன். அதற்கு முன்னால் ஸ்டீல் கிட்டார் என்று ஒன்று, மேபெல் கார்ட்டர் என்று ஒரு அம்மா, அவங்களுக்குச் சில விஷயம் சொல்லிக் கொடுத்த லெஸ்லி ரிடில் என்று ஒருத்தர், அவருக்கு ஒரு கால் கிடையாது...

"ஐயோ அண்ணா, பேரெல்லாம் அப்புறம் எழுதிக் குடுங்க," என்று சுண்டுவிரலை 'ப'வில் வைத்தாள். எட்டாதென்று நினைத்தேன், எட்டியது. என்னைவிட வேகமாக வைத்தாள், 'ரி' தெரிவதற்குள் 'க' வந்துவிட்டது. மெதுவா, இன்னும் கொஞ்சம் தங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் நாலாவது தடவை வாசித்துக்கொண்டிருந்தாள்.